வெறும் எடை

பழம் ஏற்றிய லோரி மேடையில் ஏறும்.
எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும்.
மறுபடி எழுதுவேன்.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
மீதி செம்பனை.
இருபத்தாறு வருடமாக
செலாமா ஆலையில் இதுதான் என் கணக்கு.
ஒருநாளும் பிசகியதில்லை.

இப்போது பிசகுவது உடம்பு.
கொட்டியாச்சு என்று எழுந்து
கைகழுவி, சுடிதாரைச் சரிசெய்து
நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தால்
அதே லோரி மறுபடி வாசலில்,
அரைக் கூடை உதிரிப் பழத்தோடு.
பிறகு கால் கூடை.
பிறகு ஒன்றுமே இல்லாமல்
ஹாரன் மட்டும்.

தைப்பிங் டாக்டர் நல்ல மனுஷர்.
படம் வரைந்து காட்டினார்:
கட்டியை எடுத்தாச்சு,
குடலை இறக்கித் தைத்தாச்சு,
வாசலைக் காப்பாத்தியாச்சு.
எட்டு மாதம் வயிற்றில் தொங்கிய பையும் போனது.
அன்றைக்கு வீட்டில் கேசரி.

வாசல் இருக்கிறது டாக்டர்.
வாசலுக்கு உட்புறம் இருந்த
காத்திருக்கும் அறையைத்தான்
கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டீர்கள்.

வருவது காற்றா, மற்றதா
என்று முன்கூட்டியே சொல்ல
உள்ளே ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.
அதன் பெயர்கூடத் தெரியாமல்
ஐம்பத்து மூன்று வயதுவரை
அதை நம்பி
சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

இங்கிருந்து தைப்பிங்குக்கு ஆறு கக்கூஸ்.
பெட்ரோல் கடையில் சாவி கேட்க வேண்டும்.
பஸ் நிலையத்தில் முப்பது காசு,
சில்லறையாக.
சூராவில் எப்போதும் தண்ணீர் உண்டு,
யாரும் எதுவும் கேட்பதில்லை.
கல்யாணப் பத்திரிகை வந்தால்
மாப்பிள்ளை பெண் பெயருக்கு முன்
மண்டபத்தின் பெயரைப் படிக்கிறேன்.
வேலைக்கும் பசியாறாமல்தான் வருகிறேன்.
"விரதமாக்கா?"
ஆமாம்.
எந்தச் சாமிக்கென்று கேட்காதே.

துரைசிங்கம்
கடையில் பாம்பர்ஸ் வாங்கும்போது
பேரனுக்கு என்கிறார்.
எங்களுக்குப் பேரன் இல்லை.
கடைக்காரருக்கும் அது தெரியும்.

போன செவ்வாய், மழை இருட்டிய நாலு மணி.
வரிசையில் பதினோரு லோரி.
தலைமை அலுவலகத்து ஆள்
என் முதுகுக்குப் பின்னால் ரசீது எண்ணுகிறார்.
வந்துவிட்டது.
பதினைந்து நிமிடம் தாங்குமா என்பார்கள் ஆஸ்பத்திரியில்.
நிமிடமா!

மேடைக்கு வந்த ரொபியுல்,
வங்காளதேசத்துப் பையன்,
கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தான்.
லோரியைக் குறுக்கே திருப்பி நிறுத்தினான்.
இஞ்சினை அணைத்தான்.
இறங்கி, முன்மூடியைத் தூக்கி
உள்ளே தலையை விட்டுக்கொண்டு
"ரோசாக், காக்!" என்றான்,
ஊருக்கே கேட்க.
பின்னால் பத்து ஹாரன்.
நான் ஓடினேன்.

நேரத்தோடு போய்ச் சேர்ந்தேனா என்றால்
பாதி.
மாற்றுத் துணி
மேசை டிராயரில், பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில்.
திரும்பி வந்தபோது
லோரி சரியாகிவிட்டிருந்தது.
ஏறினான், எழுதினேன்.
கொட்டிவிட்டு வந்தான், எழுதினேன்.
சீட்டை வாங்கியபோது
அவன் என் கையை மட்டும் பார்த்தான்.

இன்று எதிரே தாதி, மடியில் பாரத்தோடு.
காற்றை அடக்க முடிகிறதா?
முடியவில்லை.
ஒருநாளைக்கு எத்தனை தடவை?
ஏழு. சிலநாள் பதினாலு.
போய்வந்த ஒரு மணிக்குள் மறுபடியுமா?
மறுபடியும், மறுபடியும்.
கடைசிக் கேள்விக்கு நாலு கட்டம்:
மொத்தத்தில் வாழ்க்கை எப்படி?

ஸ்கேனில் ஒன்றுமில்லை.
கட்டி திரும்பவில்லை.
இரண்டு வருடம் கூடுதலாக
மழை பார்த்திருக்கிறேன்.
இதையெல்லாம் ஏற்றி எழுதுவதா,
இறக்கிவிட்டு எழுதுவதா?

"கொஞ்சம் இருங்க" என்றேன்.
நான் யோசிப்பதாக நினைத்து
பேனாவை மூடி வைத்தாள்.

இடது பக்கம், இரண்டாவது கதவு.
தாழ்ப்பாள் சரியாக விழாது,
காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.