பதிமூவாயிரத்து எண்ணூறு

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
சசிதரன் சார் சொன்னார்:
"ஒண்ணாந்தேதி முதல் நீ சூப்பர்வைசர், கிறேஸ்லெட்."

நல்ல சேதிதான்.
கருங்கல் அண்டி ஆபீசில்
பத்தொன்பது வருஷம் தரையிலிருந்து தல்லியவளுக்கு
ஒரு நாற்காலி, ஒரு நோட்டு,
தலைக்கு நேர்மேலே காற்றாடி.
மாசம் ஒன்பதாயிரம்.
மழையானாலும் வெயிலானாலும் அசையாது என்றார்,
கடலுக்குள் நிற்கும் பாறையைக் கைகாட்டுவது மாதிரி.

நான் தல்லி எடுப்பது பதினோராயிரத்து முந்நூறு.
கிறிஸ்மஸ் மாசம் இன்னும் கூடும்.
சொன்னேன்.
"அது கூலி. இது சம்பளம்."

மத்தியானம்
மரச்சீனிக் கிழங்கை மீன்கறியில் முக்கியபடி
விமலபாய் கேட்டாள்:
"இனி எனக்க எடையில நொறுங்கலைக் கழிக்கியது
நீதானே பிள்ளே?"
அவளுக்கு நொறுங்கல் அதிகம்.
எவ்வளவு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?
என் முழுப்பருப்பில் தினம் ஒரு பிடி
அவள் தட்டில்தானே போட்டு வருகிறேன்.

சாயங்காலம் அந்தக் கருவியைக் காட்டினார்கள்.
சூப்பர்வைசருக்குக் கையெழுத்து கிடையாதாம்,
விரல் வைக்க வேண்டும்.
பெருவிரல் வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
ரேஷன் கடையிலும் இப்படித்தான்,
அங்கே கண்ணைக் காட்டி அரிசி வாங்குவேன்.
அண்டியெண்ணெய் தின்றது போக
பத்தும் வழவழவென்று மிச்சம்.

ஆறு மாசம் அண்டி தொடாமலிருந்தால்
ரேகை திரும்பி வருமென்று
முன்னே ஒருதரம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.
அன்றைக்கு அது
சீக்குக்காரியிடம் சுவிட்சர்லாந்து போகச் சொன்ன மாதிரி இருந்தது.

திங்கள்சந்தை வரைக்கும்
பஸ்ஸில் நின்றபடியே கணக்குப் போட்டேன்.
குறைவது மாசம் இரண்டாயிரத்து முந்நூறு.
ஆறால் பெருக்கினால் பதிமூவாயிரத்து எண்ணூறு.
ஜெஃபினாவின் ஹாஸ்டல் பீசும்
புதன்கிழமைச் சீட்டும் அதற்குள் வந்து முட்டின.
ஒரு விரலுக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பது.
கொள்ளாமா?
விலை கேட்டுவிட்டு மீனை வாங்காமல் நகர்கிறவளாய்
கையை ஒருதரம் விரித்துப் பார்த்துவிட்டு
மூடிக்கொண்டேன்.
டிக்கெட் உள்ளே கசங்கியது.

இன்று காலையில் நாற்காலி வந்திருந்தது,
பாலிதீன் உறை பிரிக்காமல்.
அதன்மேல் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு
விமலபாய் பக்கத்தில் தரையில் இருந்தேன்.
சாம்பலை அள்ளி விரல்களில் தேய்க்கும்போது
என்ன தீருமானிச்சே என்றாள்.
ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு என்றேன்.
அவள் தட்டைக் கொஞ்சம் என் பக்கமாய் நகர்த்தி வைத்தாள்.