அடைப்புக்குறிக்குள்

தாய்க்கட்சியின் பெயர் கடலோர மக்கள் பேரவை.
எங்களுடையது கடலோர மக்கள் (அசல்) பேரவை.
அந்த அடைப்புக்குறிக்குள்தான்
ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்கிறோம்,
மண்டபம் உட்கார்ந்திருக்கிற மாதிரி:
இந்தப் பக்கம் வளைந்து வடகடல்,
அந்தப் பக்கம் வளைந்து தென்கடல்,
நடுவே ஒரு ரோடு, ஒரு தண்டவாளம்,
மூச்சுவிடக் கொஞ்சம் மணல்.

பிரிந்ததற்குக் காரணம் கொள்கை என்று
நோட்டீஸில் நான்தான் எழுதினேன்.
உச்சிப்புளி கல்யாண மகாலில் பொதுக்குழு.
மேடையில் பதினாலு நாற்காலி;
களஞ்சியம் அண்ணன் பதினைந்தாவது ஆள்.
நின்றார்.
வரவேற்புரை, தீர்மானம் ஏழு, நிதிநிலை எல்லாவற்றுக்கும் நின்றார்.
முட்டி வலிக்காரர்.
பந்திக்குக் கூப்பிட்டபோது
இலையைப் பார்க்காமல் வேனில் ஏறினார்.
பின்னாலேயே நாங்கள்.
நம்புவேல் மட்டும் பாயசம் குடித்துவிட்டு வந்தான்.
அதை இன்றுவரை ஒருத்தரும் மன்னிக்கவில்லை.

கொடிக்குப் புதுத்துணி எடுக்கவில்லை.
பழையதில் அடியில் இருந்த நீலப்பட்டையைப் பிரித்து
மேலே வைத்துத் தைத்துக் கொடுத்தாள் எமல்டா.
தூரத்தில் பார்த்தால் அதே கொடி.
கிட்டத்தில் வந்து பார்க்க ஆளில்லை.

சின்னம் நங்கூரம் கேட்டோம்.
பட்டியலில் இல்லை என்றார்கள்.
படகு? அதுவும் இல்லை.
கிடைத்தது காலிஃபிளவர்.
உப்புக்காற்றில் முருங்கையே முனகி வளர்கிற ஊரில்
காலிஃபிளவருக்கு வாக்குக் கேட்டு நடந்தோம்.
நண்டுக் கம்பெனி வாசலில்
ஓடு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள்
கிலோ என்ன விலை என்றார்கள்.
களஞ்சியம் அண்ணன் கும்பிட்ட கையோடு சிரித்துவிட்டார்.

வாடை கிளம்பினால்
பாம்பன் பாலம் திறக்கிற நாள் பார்த்து
வடகடல் படகுகள் தென்கடலுக்கு மாறும்.
கச்சான் வந்தால் திரும்பிவிடும்.
கரையில் அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை.
மனுசன் மாறினால்தான் தாவிவிட்டான் என்கிறார்கள்.

பேரூராட்சித் தேர்தல், பதினோராவது வார்டு.
ஒன்பது பேருக்கும் ஒரே வார்டு; கட்சியின் அகலமே அவ்வளவுதான்.
எண்ணி முடிக்க ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.
முப்பத்தேழு.

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான்.
உருகினது போக மிச்சம் எவ்வளவு என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
ஒன்பது வீட்டு ஓட்டுகள்,
சவுதியில் இருக்கும் சீனி இபுராம்சாவின் மகன் நீங்கலாக,
வியாகுலத்தோடு பேசாத மச்சினி நீங்கலாக,
கூட்டினால் முப்பத்தாறு.
விளக்கைப் போட்டு மறுபடி கூட்டினேன்.
முப்பத்தாறு.

யாரந்த ஒருத்தர்?
விரல் வழுக்கியிருக்கும் என்றான் நம்புவேல்.
மச்சினிதான் என்று வியாகுலம் ஒரு வாரம்
அவள் வீட்டு வழியாகவே போய்வந்தார்.
அவள் தண்ணீர்க்குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு
வேறு பக்கம் பார்த்தாள்.

கச்சான் தொடங்கிய வாரம்
களஞ்சியம் அண்ணன் தாய்க்கட்சிக்குத் திரும்பினார்.
பேப்பரில் படம் வந்தது: சால்வை, மாலை, நாற்காலி.
உட்கார்ந்திருந்தார்.
கோபப்படத்தான் நினைத்தேன்;
முட்டிதான் முதலில் கண்ணில் பட்டது.

மைக்செட் யார் வீட்டில் இருப்பது என்று
வியாகுலமும் நம்புவேலும் பிரிந்தார்கள்.
அடைப்புக்குறிக்குள் இன்னோர் அடைப்புக்குறி.
மற்றவர்கள் பிரியக்கூட இல்லை,
வராமல் இருந்தார்கள்.

ரப்பர் ஸ்டாம்பும், நானூறு தாள் லெட்டர்பேடும்,
ஒரு சாக்குக் கொடியும் என்னிடம்.
கலைத்துவிடுவதாகத் தீர்மானம் எழுதியாகிவிட்டது.
கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.
முப்பத்தாறு பேருக்குச் சொல்லிவிடலாம்.
அந்த முப்பத்தேழாவது ஆளுக்கு
யார் போய்ச் சொல்வது?

ஐஸ் வாங்க வருகிற முகங்களை
இப்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறேன்.
நேற்று விடியற்காலை ஒரு சைக்கிள்காரர்,
மீன்பெட்டியில் கட்டியை ஏற்றி
மீதி ஆறு ரூபாய் வாங்காமல் கிளம்பினார்.
அண்ணே, அண்ணே என்று ரோடுவரை ஓடினேன்.
காற்று எதிர்க்காற்று.
அவர் தென்கடல் பக்கம் திரும்பிவிட்டார்,
பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர்
மணல் தொடங்கும் இடம்வரை தெரிந்தது.