முப்பத்தோராம் நாளுக்கு

கொக்குவிலில் எங்கள் அச்சகம்.
கலியாணக் கார்ட் குறைவு, கல்வெட்டுத்தான் கூட.
சிவபுராணம் கணினியில் எப்போதும் கிடக்கும்;
பெயரையும் திதியையும் மாற்றினால்
பன்னிரண்டு பக்கம் தயார்.
மிச்சம் இரண்டு பக்கத்தில்தான் ஆள்.

அமரர் நல்லைநாதன், இளைப்பாறிய தபாலதிபர்.
கனடாவிலிருந்து வந்த மகள்
வரலாற்றை ஃபோனிலேயே எழுதி வைத்திருந்தார்.
சைவமும் தமிழும் இரு கண்கள்.
திருப்பணிச் சபையில் இருமுறை பொருளாளர்.
அறுபத்தாறாம் ஆண்டு
சுன்னாகத்தில் சைக்கிளால் விழுந்து
இடத்தோள் முறிந்தது.

"சுன்னாகத்தில பொலிஸ் அடிச்சதெண்டு ஒரு கதை..."
வாய் தவறிவிட்டது எனக்கு.
"அதெல்லாம் எழுதாதேங்கோ தம்பி.
வீடு நிறையச் சிவப்பு மட்டைப் புத்தகங்கள்.
இயக்கப் பெடியள் வரத் தொடங்க
அம்மா கிணத்தடியில கிடங்கு கிண்டித் தாட்டவ.
அதையும் எழுதாதேங்கோ."

படம் ஒன்று தந்தார்.
ஒரு பக்கம் கத்தரியால் வெட்டியிருந்தது,
எப்போதோ, யாரோ.
வெட்டியவருக்கு ஆளை எடுக்க முடிந்திருக்கிறது,
தோளில் கிடந்த கையை முடியவில்லை.
எடுத்திருந்தால் அப்பாவின் தோளும் போயிருக்கும்.

"அந்தக் கையை மட்டும் அழிச்சுவிடுங்கோ."
"ஆற்ற கை, அக்கா?"
"ஆரோ கட்சிக்காரர்."

திருப்பிப் பார்த்தேன்.
பென்சில் எழுத்து, வரிகளின் தலை அறுந்து:
...க்கண்டு தோழருக்குக் கிளாசில்
...தல் தேத்தண்ணி. காசும் அவரே
...டுத்தார். கடைக்காரர் வாங்க மாட்டன் எண்டு
அதற்குக் கீழே கத்தரி.

ஸ்கேனர் ஒரு பக்கத்தைத்தான் படிக்கும்.

நானூறு வீதம் பெருப்பித்தேன்.
சுட்டுவிரலில் பாளைக்கத்தி கீறிய தழும்பு.
பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
முறிந்து பொருந்திய தோளென்று தெரிந்துதானோ
பாரம் இல்லாமல் வைத்திருந்தார்.
நான் படித்த வரலாற்றுப் புத்தகத்தில்
போத்தலில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர் இல்லை,
கிளாஸ் தா என்று கேட்டவரும் இல்லை.
சங்கிலிய மன்னனுக்கு ஒரு பாடம் இருந்தது.

சட்டைத் துணியில் கொஞ்சம் எடுத்து
விரல்மேல் பூசினேன்.
சின்னவிரல் போனது.
மோதிரவிரல், மோதிரம் இல்லாதது, போனது.
கன்னத்து மருவுக்கு ஒரு சொடுக்குப் போதும்;
இந்தக் கைக்கு முக்கால் மணித்தியாலம்,
இடையில் கரண்டும் நின்று வந்தது.

பின்னேரம் அக்கா வந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பார்த்தார்.
"தோளடியில சேட்டு கசங்கிக் கிடக்கு.
அப்பா அயன் பண்ணாத சேட்டு
ஒருநாளும் போட்டதில்லை."

அதை எடுக்க ஏலாது என்றேன்.
ஏலும்.

முந்நூறு பிரதி. மட்டை மினுக்கம்.
மிச்சக் காசு அந்தியேட்டிக்கு முதல்நாள்.