முழுப் பேர்

எங்கள் மலையில் ஒரு நாள் கூலிக்குப்
பேர் என்று பெயர்.
பதினாறு கிலோ என்றால் முழுப் பேர்.
பதினைந்தே முக்கால் என்றால்
தாய் தகப்பன் வைத்ததில் பாதி.

பேர் போடுகிறவன் நான்.
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்ததற்காக
இந்தத் தோட்டம் எனக்குத் தந்த பரிசு
ஒரு தராசு, ஒரு செக்ரோல், ஒரு குடை.
ஆகவே பரிசைப் பற்றிப் பேச
எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

மே மாதம், மழை விட்ட மறுவாரம்,
ஒன்பதாம் நம்பர் மலையில்
அந்தோனியம்மா ஐம்பத்திரண்டு கிலோ எடுத்தாள்.
படங்குக்கும் தண்ணீருக்கும் நான் வெட்டியது போக.
ஊசியை இரண்டு தரம் பார்த்தேன்.
அவள் பார்க்கவில்லை; அவளுக்குத் தெரிந்திருந்தது.
விரலிடுக்கில் கொழுந்துக் கறை,
காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு.

கொழும்பிலிருந்து கம்பனி வந்தது.
பெரட்டுக் களத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி,
அவள் மார்புக்குக் குறுக்கே ஒரு நீலப் பட்டி.
“உழைப்பை மதிக்கிற நாடுதான் உயரும்”
என்றார் கோட்டுப் போட்டவர்.
மொழிபெயர்த்தவர் ‘உயரும்’ வந்த இடத்தில்
கையை மேலே தூக்கிக் காட்டினார்.
நாங்கள் ஏற்கெனவே நின்றிருந்தது
நாலாயிரத்து எண்ணூறு அடியில்.

கைதட்டினேன். பொய்யாகத் தட்டவில்லை.
இன்னாசி அந்தோனியம்மா என்று
ஒலிபெருக்கி அழைத்தபோது
அவள் முதுகு நிமிர்ந்ததைக் கண்டேன்.
இருபத்தாறு வருடம் கூடை இழுத்த முதுகு.
அதை இல்லையென்று சொல்ல
எவனுக்கும் உரிமையில்லை.

பரிசு ஒரு ரைஸ் குக்கர்.
அன்றிரவு அதைச் சொருகியதும்
லயத்தின் எட்டுக் காம்பராவும் இருண்டன.
யாரோ சிரித்தார்கள். யாரோ ஏசினார்கள்.

ஜூன் ஒன்றாந் தேதி சுற்றறிக்கை வந்தது.
ஐம்பத்திரண்டு எடுக்க முடிகிற மலையில்
பதினாறு எப்படிப் போதும்?
இனிப் பதினெட்டு.
நான்தான் வாசித்தேன்.
ஒருத்தி கூட என்னைப் பார்க்கவில்லை.
எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பீலியடியில்
அவள் குடம் வைத்தால்
பக்கத்துக் குடம் நகர்ந்தது.

பரிசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
பரிசே இல்லாத காலமும் இந்த மலையில் இருந்தது,
அதிலும் ஒரு நியாயமும் முளைக்கவில்லை.
ஆனால் ஒருத்தியின் உச்சியை வெட்டியெடுத்து
மற்றவளுக்கு அடிமட்டமாகப் பதிக்கிறார்களே,
அந்தக் கணக்கு
நான் ஏ எடுத்த கணிதத்தில் இல்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், தூறல்.
ரெங்கநாயகிக்கு முழங்கை வீங்கியிருந்தது.
படங்கை அவள் இழுத்துவந்த விதத்திலேயே தெரிந்தது,
பதினான்கைத் தாண்டாது.
வரிசையில் அவளுக்கு முன்னால் அந்தோனியம்மா.
பீலியடியில் முதலில் குடத்தை நகர்த்தியவளே
இந்த ரெங்கநாயகிதான்.

கானுக்குள் இறங்கினாள் அந்தோனியம்மா,
கொங்காணியைச் சரிசெய்கிறவள் போல.
படங்கிலிருந்து படங்குக்கு
ஒரு அணைப்பு, இரண்டு அணைப்பு,
அப்புறம் நான் எண்ணவில்லை.
கங்காணி வெற்றிலைக்குத் திரும்பியிருந்தார்.

தராசில் ரெங்கநாயகி: பதினெட்டு, ஊசி நடுங்கியபடி.
தராசில் அந்தோனியம்மா: பத்தொன்பது.
அந்த வருடத்தில் அவளுடைய ஆகக் குறைந்த நாள்.

செக்ரோலின் ஓரத்தில்
‘குறிப்பு’ என்றொரு கட்டம் உண்டு.
எட்டு வருடமாக அதில் நான் எழுதியது
மழை, மழை, காய்ச்சல், சாவு, மழை.
பேனாவை அதன்மேல் பிடித்தேன்.
துரைக்குத் தெரிந்தால் இது களவு.
தெரியாவிட்டால்
இதற்கு என்ன நிறத்தில் பட்டி?

“என்னங்க ஐயா, மை தீந்து போச்சா?”
என்றாள் ரெங்கநாயகி.

முழுப் பேர் போட்டேன்.
முழுப் பேர் போட்டேன்.

பின்னால் இன்னும் இருபத்துமூன்று பேர்
நனைந்துகொண்டு நின்றார்கள்.