இடது முன்னங்கால்

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை.
ஐந்து மணிக்கே லாரிகள் பின்கதவைத் திறந்துவிட்டன.
சாணியும் பீடியும் கலந்த பனி.
கோமாரித் தடுப்பூசிப் படிவங்களின் பின்பக்கத்தில்
மாடு வரைந்துகொண்டிருக்கிறேன்.

ரோசா போனர் என்று ஒருத்தி.
பாரீஸ் குதிரைச் சந்தைக்குள் நின்று வரையக்
கால்சட்டை மாட்ட வேண்டியிருந்தது அவளுக்கு.
கால்சட்டைக்குப் போலீஸ் அனுமதிச்சீட்டு,
சீட்டுக்கு டாக்டர் கையெழுத்து,
ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.
டிரைவிங் லைசென்ஸ்கூட இந்தப் பாடு படுத்தாது.
கசாப்புக்கூடத்து ரத்தத்தில் நின்று
தோலுக்கடியில் எது எதை இழுக்கிறது என்று பார்த்தவள்.
பின்னாளில் பேரரசியே பதக்கத்தோடு
வீட்டுக்கு வந்தாளாம்.
எனக்குப் பிடித்தது அந்தச் சீட்டுதான்.

இங்கே சீட்டு கேட்பாரில்லை.
கல்குவாரிப் பெண்கள்
புருஷன் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் நெருங்கி உட்கார்ந்து போகிறார்கள்.
நான் போட்டிருப்பது தம்பி சட்டை.
ஆனால் துண்டுக்கடியில் விரல்கள் பேசத் தொடங்கினால்
என் பக்கம் முதுகுகள் மட்டும்தான்.

இன்று ஓர் ஆலம்பாடி எருது.
கொம்பில் எண்ணெய் மினுங்கியது.
தரகர் திம்மராயன்
கணுக்கால் மூழ்கும் சேறாகப் பார்த்து நிறுத்தியிருந்தார்.
வரைந்தேன்:
இடது தோள் கொஞ்சம் சரிந்து,
பாரமெல்லாம் வலது காலில்.
ஏன் என்று யோசிக்கவில்லை,
பென்சில் அப்படிப் போனது.

சூளகிரிக்காரர் ஒருவர்
என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார்.
எருதைப் பார்த்தார்.
மறுபடி தாள்.
துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார்.
"நாலு எட்டு நடத்துங்க, பாக்கலாம்."
மூன்றாவது எட்டிலேயே தெரிந்துபோயிற்று.
நாலாயிரம் இறங்கியது.

"யாரைக் கேட்டும்மா வரையற நீ?"
திம்மராயன் போட்ட சத்தத்தில்
அத்தனை முதுகும் முகமாயிற்று.

பைக்குள் கைவிட்டேன்.
காதுவில்லைகள், ஊசிப் பட்டியல், பாதி பன்.
நூற்றெழுபது வருடத்துப் பழைய சீட்டு
அதில் எப்படி இருக்கும்?
ஆனாலும் துழாவினேன்.

எருது மினிலாரியில் ஏறியது,
நான் வரைந்த காலைக் கடைசியாக வைத்து.
படத்தை வாங்கி ரசீதுபோல மடித்துச்
சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார் சூளகிரிக்காரர்.
ஒரு படிவம் குறைகிறது,
அலுவலகத்தில் கணக்குச் சொல்ல வேண்டும்.

அரை மணி கழித்து ஒரு டீ வந்தது,
சர்க்கரை தூக்கலாக.
கொண்டுவந்த பையன் சொன்னான்:
திம்மராயன் அனுப்பினாராம்.
அடுத்த வெள்ளி அவர் விற்கவில்லையாம்,
வாங்குகிறாராம்.
விடிவதற்குள் வந்துவிடச் சொன்னாராம்,
பென்சிலோடு.