பதினாறும் முப்பத்திரண்டும்

மூன்றாவது தடவையும் நின்றுவிட்டது.
நாற்பத்தொரு நிமிடம் ஒழுங்காக ஓடி
மண்டூர்ப் பக்கம் தண்ணீர் ஏறப்போகும் இடத்தில்
திரையில் ஒற்றைச் சொல்:
கொல்லப்பட்டது.
யாரால், ஏன், எதுவும் இல்லை.
அந்தச் சொல்லை அப்படித் தனியே
வாசித்துப் பழகிய ஊர்தான் இது.
என்றாலும் கொஞ்ச நேரம்
கதிரையை விட்டு எழும்பவில்லை.

பதிவைத் திறந்தேன். அதில் காரணம் இருந்தது.
அதுவே பெரிய மரியாதை.
பதினாறு ஜிபி மெமரி நிரம்பிவிட்டதாம்;
இடம் முடிந்தால் அதிகம் தின்பவரைத் தேடி முடிப்பது
இயங்குதளத்தின் சட்டமாம்.
அதிகம் தின்றது வாவி.
ஏறாவூரிலிருந்து கல்லாறுவரை
பத்து மீற்றர்ச் சதுரங்களாய் நறுக்கி
ஒவ்வொன்றுக்கும் ஆழம், உப்பு, ஓட்டம் என்று
நானே ஊட்டி வளர்த்த வாவி.

மேலதிக மெமரி கேட்டுச் சித்திரையில் போட்ட கடிதம்
திருகோணமலையில் ஏதோ மேசையில்.
இப்போது மார்கழி.
உன்னிச்சையில் வான்கதவு திறந்தாயிற்று.
முகத்துவாரத்து மணலை எத்தனை மணிக்கு வெட்டினால்
எங்கே எவ்வளவு வடியும் என்று
விடியுமுன் சொல்ல வேண்டும்.

நஸ்லியா போனில் சிரித்தாள்.
"டிஸ்க்கில இடம் சும்மா கிடக்குதானே புள்ள,
முப்பத்திரண்டப் புடிச்சி ஸ்வாப்புக்குக் குடு.
ஓடும். ஆனா ஊரும்."

சும்மா கிடக்கவில்லை.
போன வருடப் பயிற்சிப் பட்டறை கிடந்தது:
வரவேற்புரை, மங்கள விளக்கு,
இரண்டாவது வரவேற்புரை.
யாரையும் கேட்காமல் அழித்தேன்.
மறுகா ஒரு கோப்பு திறந்து
முப்பத்திரண்டு ஜிபிக்கும் பூச்சியம் நிரப்பினேன்.
ஒன்றுமில்லை என்று எழுதி முடிக்க
ஒன்பது நிமிடம்.
என்னைத் தவிர எவரும் வாசிக்காதபடி பூட்டு,
ஏனென்றால் மெமரியிலிருந்து தள்ளப்படுபவை
கடவுச்சொல்லும் பாதிக் கணக்குமாக
உடுப்பு மாற்றாமல் அங்கேதான் வந்து படுக்கும்.
இது ஸ்வாப் என்று முத்திரை. பிறகு ஆளி.
திரையில் ஒரு வரி கூடியது. அவ்வளவுதான்.
வெளியே வந்தாறுமூலை முழுக்க மழை.

நாலாவது ஓட்டம்.
நாற்பத்தொராவது நிமிடத்தில் மூச்சை அடக்கினேன்.
நாற்பத்திரண்டு.
டிஸ்க் முனகத் தொடங்கியது.
இனி ஒவ்வொரு எண்ணும்
குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்துநின்று
ஏறி, அக்கரை போய்,
வேறொன்றுக்கு இடம்விட்டுத் திரும்பவேண்டும்.
மவுஸை அசைத்தால் அம்பு
தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறது.
திட்டினேன். பிறகு திட்டவில்லை.
சாகாமல் மெதுவாக இருப்பது ஒரு வேலைதான்.

ஒருமுறை கரண்ட் போய் வந்தது.
யூபிஎஸ் கத்தியபோது
இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்,
பிடித்து என்ன ஆகும் என்று தெரியாமலே.

மூன்று இருபதுக்கு விடை:
ஐந்து மணிக்கு வெட்டினால்
மாலைக்குள் மண்டூரில் ஓரடி குறையும்.
பத்மசீலன் சேர் மூன்றாம் மணியடிப்பில் எடுத்தார்.
பின்னால் காற்று, ஆட்களின் கூச்சல்.
"வெட்டியாச்சு தங்கச்சி.
பாலமீன்மடு ஆக்கள் பொழுதுபடக்குள்ளயே
மம்பட்டியோட இறங்கிட்டாங்க.
இப்ப வாய் நாப்பது மீற்றர்.
நீங்க படுங்க."

படுக்கவில்லை.
மேசையில் ஆறிப்போன கொத்து ரொட்டி.
கோபமா, நிம்மதியா என்று பார்த்தேன்;
இரண்டுக்கும் அந்நேரம் இடமில்லை.
வெட்டிய நேரம் என்ற கட்டத்தில்
நாளை ஐந்து மணியை அழித்துவிட்டு
நேற்று மாலை ஐந்து நாற்பது என்று போட்டேன்.
அகலம் நாற்பது.
இயந்திரம் அணைந்து எழும்பினாலும் ஸ்வாப் நிற்கும்படி
தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இருமுறை வாசித்தேன்.
மறுகா ஓடவிட்டேன்.
சிவப்பு விளக்கு கண்வெட்டாமல் எரிந்தது.