ஐந்து மில்லிமீற்றர்

சனி பின்னேரம் நாலே கால்.
பீல், மெட் பக்கம், எங்கள் கட்டடத்தின் நிலவறை.
உடுப்புத் தோய்க்கும் முறை இன்று எங்களுடையதல்ல,
ஆனாலும் நல்ல வெளிச்சம் இங்கேதான்.

நிதுஷாவுக்கு இந்த வருசம் கால் நீண்டுவிட்டது.
இருக்கையை இரண்டு விரல் உயர்த்தவேண்டும், அவ்வளவுதான்.
அந்த இரண்டு விரலுக்கும் எங்களுக்கும் நடுவில்
ஒரே ஒரு போல்ட்.

அதன் தலைக்குழியில் ஆறு மூலை இருந்திருக்கவேண்டும்.
சுண்டுவிரல் நகத்தால் தடவிப் பார்த்தேன்:
வட்டம்.
ஐந்து எண் திறப்பு உள்ளே போய்ச்
சும்மா சுற்றுகிறது,
கலியாண வீட்டில் யாரையும் தெரியாதவன் போல.

முதலில் பழைய சொந்தக்காரரைத் திட்டினேன்.
சைக்கிள் சந்தையில் எண்பது பிராங்குக்கு விற்ற
அந்த மீசையை, அவன் கையை, அவன் அவசரத்தை.
பிறகு நினைவு வந்தது.
போன கார்த்திகை. மழை. விடிய ஐந்தரைக்கு எனக்கு வேலை.
அலமாரிப் பெட்டியோடு இனாமாய் வந்த திறப்பு,
ஐந்து போல இருக்கும், ஐந்தல்ல.
பொருந்தாது என்று கை சொன்னது.
பொருந்தும் என்று நான் சொன்னேன்.
ஒரு இடத்தில் கிறுக் என்றது.
அந்தக் கிறுக்கைக் கேட்காதவள் போலவே
இத்தனை மாதம் இருந்திருக்கிறேன்.

நட்டுக் கழன்றவர் என்று
யாரையும் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம்.
நட்டுக் கழலாதவரை என்னவென்று சொல்வது?
அதற்கொரு வசவு இல்லாமல்
இவ்வளவு காலமும் எப்படித்தான் சண்டை பிடித்தோம்?

எண்ணெய் விட்டேன்.
தலைமயிர் காயவைக்கும் கருவியால் சூடு காட்டினேன், நிதுஷா சிரித்தாள்.
நட்சத்திர முனையைச் சுத்தியலால் அறைந்து திருப்பினேன், வழுக்கியது.
குறட்டால் கடித்தேன்.
கறள்ப் பொடி மட்டும் கொஞ்சம்
என் சட்டைக் கையில் வந்து உட்கார்ந்தது.

மூன்றாம் மாடி கோரின் வியோமியே
துணிக்கூடையோடு இறங்கி வந்தாள். இன்று முறை அவளுடையது.
மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
கடுகைவிடச் சிறிய திருகாணிகளை இடுக்கியால் பிடிப்பவள்.
குனிந்து பார்த்தாள், மூச்சைப் பிடித்தபடி, பழக்கதோசம்.
"எங்களிடத்தில் இப்படி மாட்டினால்
படிகாரத் தண்ணீரில் ஊறப்போடுவோம்.
இரும்பு கரைந்துவிடும். பித்தளை அப்படியே இருக்கும்."
பிறகு சைக்கிள் சட்டத்தைத் தட்டிப் பார்த்தாள்.
"இது முழுக்க இரும்பு."
ஒரு கணம் நாங்கள் மூவரும்
தொட்டி நிறையப் படிகாரத் தண்ணீரையும்
அதில் மிதக்கும் இரண்டு ரயரையும்
அடியில் கிடக்கும் பித்தளை மணியையும் யோசித்தோம்.

ஐந்து நாற்பது.
ஆறுக்குப் பிறகு துறப்பணம் ஓட்டக்கூடாது.
சுவரில் இரண்டு மொழியில் ஒட்டியிருக்கிறது,
இரண்டிலும் கூடாது.
ஐந்தரை அலகு. பிறகு ஆறு.
நிதுஷா கைபேசி வெளிச்சம் பிடித்தாள்.
கோரின் இருக்கையை அணைத்துக்கொண்டாள்,
ஊசி போடும்போது நாயைப் பிடிப்பதுபோல.
இரும்பு சுருள் சுருளாய் வந்தது, வெள்ளியாய், கொதியாய்.
ஒன்று மணிக்கட்டில் பட
ஊத்தைச் சொல் ஒன்று வாயில் வந்தது, தமிழில்.
நிதுஷாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கிறது.

டிக்.
போல்டின் தலை அலகில் மோதிரமாய் மாட்டிச்
சுற்றிக்கொண்டே நின்றது.

மறுபக்கம் நீட்டியிருந்த நுனியைத் தொட்டேன்.
இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றது
இதுதானா?
இரண்டு விரலால் திருப்ப வருகிறது,
போத்தல் மூடிபோல,
கேட்டதற்கு மேலேயும் வருகிறது.

இருக்கைத் தண்டை உயர்த்தினேன்.
இத்தனை நாள் குழாய்க்குள் இருந்த பகுதி மட்டும்
கடையில் வாங்கிய அன்றுபோல் மினுங்கியது.
புதுப் போல்ட், ஒன்று இருபது பிராங்க்.
உண்மையான ஐந்து எண் திறப்பு.
கை போதும் என்ற இடத்தில் நிறுத்தினேன்.

நிதுஷா ஏறி உட்கார்ந்தாள்.
கால் எட்டவில்லை. அரை விரல் கூடிவிட்டது.

கோரின் சலவை இயந்திரத்தின் கதவை மூடினாள்.
நான் மறுபடி திறப்பை வைத்துத்
திருப்பினேன்.

கழன்றது.